திருவிழா, பாதயாத்திரை, கல்யாண வீடு: வாக்கி-டாக்கி எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, குன்றக்குடிப் பங்குனி உத்திரம், காரைக்குடி முத்துமாரியம்மன் பால்குடம், சிறாவயல் மஞ்சுவிரட்டு என்று எதை எடுத்தாலும், தொண்டர்கள் இடுப்பில் வாக்கி-டாக்கி தொங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. பெரிய கல்யாண வீடுகளிலும் முகப்பில் ஒருவர், பந்தியில் ஒருவர் என்று செட் வைத்திருக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதே நேரத்தில், அதே ஊரில், போலீசும் தீயணைப்பும் மருத்துவக் குழுவும் அலைவரிசையை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். கமிட்டிக்காரர்களும் தொண்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நாங்கள் ஐந்தாம் சேனலில் பேசுகிறோம். போலீஸ் அவர்கள் சேனலில் பேசுகிறார்கள். இதில் என்ன இடைஞ்சல்?

செட்டின் தலையில் உள்ள திருகில் "5" என்று இருப்பது வெறும் வரிசை எண். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த அலைவரிசையைப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். உங்கள் ஐந்தும் பக்கத்து ஊர்க் கமிட்டியின் ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல் உங்கள் ஐந்து, யாரோ ஒரு துறைக்கு ஒதுக்கிய அலைவரிசையாகவும் இருந்துவிடலாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்புகள் பலவற்றில் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400 முதல் 480 அல்லது 520 வரையும் எந்த எண்ணை வேண்டுமானாலும் அடித்துப் பேசலாம். போலீஸ், கப்பல், தேர்வு எழுதி ஆர்வத்துக்காகப் பேசுபவர்களின் அமெச்சூர் ரேடியோ, தனியார் நிறுவனங்கள் எல்லாம் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. 406 முதல் 406.1 வரை உள்ள சிறு துண்டு, கப்பலும் விமானமும் ஆபத்தில் சிக்கும்போது செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவிகளுக்கென்றே உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டது. விரல் தவறினால் அதிலும் போய் உட்காரலாம். செட் உங்களைத் தடுக்காது.

நாங்கள் இரண்டு நொடிதான் பேசுவோம். அதற்குள் என்ன ஆகிவிடும்?

வாக்கி-டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பட்டனை அழுத்தியவுடன் உங்கள் செட் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அந்த இரண்டு நொடியில் அதே அலைவரிசையில் வேறு யார் பேசினாலும் உங்களுக்குத் தெரியாது. இதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. இந்த செட்டுகளில் உள்ள எஃப்எம் முறையில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்பவரின் செட்டுக்கு எவருடைய அலை வலுவாக வந்து சேர்கிறதோ அவர் குரல் மட்டும் கேட்கும். மற்றவர் குரல் அடியோடு காணாமல் போகும். கரகரப்புகூட இல்லாமல் போகலாம். "யாரோ நடுவில் பேசுகிறார்கள்" என்ற சந்தேகமே வராது. தொலைவிலிருந்து ஆம்புலன்ஸ் கேட்ட காவலரின் குரலை, கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் நின்று "சுண்டல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டவரின் குரல் விழுங்கிவிடும். இருவருக்கும் அது தெரியவே தெரியாது.

விமான வானொலியில் ஏஎம் முறை. அங்கே இரண்டு குரல் மோதினால் விசில் போல் ஒரு சத்தம் வரும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்தில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, அவசரம் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கட்டுப்பாட்டுக் கோபுரமும் பான் ஆம் விமானியும் ஒரே நொடியில் பேசியது. கேஎல்எம் விமானி அறையில் கேட்டிருக்க வேண்டிய எச்சரிக்கை, விசில் சத்தத்தில் அமுங்கிப் போனது. அது சில நொடி விஷயம்தான்.

யாரும் பேசவில்லை, ஆனாலும் சேனல் அடைத்துக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டன் அழுந்தியே கிடக்கிறது. நம் ஊர் விழாக்களில் இதற்கு ஒரு தனி வழி உண்டு. தொண்டர் வேட்டி மடிப்பில் செட்டைச் செருகுவார். சந்நிதிக்குள் போகும்போது மேல்துண்டை அவிழ்த்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். துண்டின் முடிச்சு சரியாகப் பக்கவாட்டுப் பட்டன் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அவர் பந்தியில் குனிந்து பரிமாறப் பரிமாற, வாளிச் சத்தமும் "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்பதும் ஊர் முழுக்க ஒலிபரப்பாகும். அவர் செட்டின் மேல் சிவப்பு விளக்கு எரியும். துண்டு அதை மறைத்திருக்கும். மற்றவர்கள் "யாரோட மைக் ஓப்பன்ல இருக்கு?" என்று கத்தினாலும் பயனில்லை, ஏனென்றால் அவர் செட் கேட்கும் நிலையிலேயே இல்லை.

இதற்கு மூன்று வேலை செய்யலாம். செட்டைக் கிளிப் போட்டு, பட்டன் வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள். செட்டின் அமைப்பில் "டைம் அவுட்" என்று ஒன்று இருக்கும். அதை 60 நொடிக்கு வைத்துவிட்டால் அதற்கு மேல் தானாகவே ஒலிபரப்பு நின்றுவிடும். வாடகைக்குக் கொடுப்பவரிடமே வைத்துத் தரச் சொல்லலாம். குரல் கேட்டாலே தானாக ஒலிபரப்பும் "வாக்ஸ்" வசதியைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள். நாதஸ்வரமும் தவிலும் இருக்கும் இடத்தில் அது எப்போது வாயை மூடும்?

எங்கள் செட்டில் டோன் கோடு போட்டிருக்கிறோம். வேறு யாரும் எங்களுக்குக் கேட்பதில்லை. அப்படியானால் பாதுகாப்புதானே?

இல்லை. கடைக்காரர்கள் இதைத் "தனிச் சேனல்" என்று சொல்லி விற்பதால் வந்த குழப்பம் இது. டோன் கோடு உங்கள் காதை மூடுகிறதே தவிர உங்கள் வாயை மூடுவதில்லை. அந்த டோன் இல்லாத குரல்களை உங்கள் செட் ஒலிக்கவிடாது, அவ்வளவுதான். நீங்கள் பேசும்போது உங்கள் அலை அந்த அலைவரிசை முழுவதையும் எப்போதும்போல் அடைத்துக்கொள்ளும். டோன் கோடு போட்டவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். மற்றவர்கள் பேசுவது காதில் விழாததால், சேனல் காலியாக இருப்பதாக நினைத்து நடுவில் பாய்ந்துவிடுவார்கள். பல செட்டுகளில் "பிஸி லாக்" என்று ஒரு அமைப்பு உண்டு. சேனலில் ஏற்கெனவே யாராவது இருந்தால் பட்டனை அழுத்தினாலும் ஒலிபரப்பு போகாது. அதைப் போட்டு வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாமல் எந்த செட்டைப் பயன்படுத்தலாம்?

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசும் கைச் செட்டுகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ எனப்படும் கருவி அனுமதி இருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் ஒட்டி, பொதுமக்கள் பேச்சுக்கான சிபி பட்டையிலும் விலக்கு உண்டு; ஆனால் அதற்கு நீள ஆண்டெனா வேண்டும், விழா வேலைக்கு ஒத்துவராது.

மற்றபடி எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம், 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டம் காலத்திலிருந்தே அனுமதியில்லாத வயர்லெஸ் கருவி குற்றம்தான். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் அதை விட்டுவிடவில்லை. ஆண்டு முழுவதும் பெரிய அளவில் செட் தேவைப்படும் கோயிலோ நிறுவனமோ, தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பித்துத் தனக்கென்று அலைவரிசை வாங்கிக்கொள்ளலாம். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் கையில் ஒரு தாள் இருக்கும்.

இணையத்தில் "லைசென்ஸ் தேவையில்லை, 10 கிலோமீட்டர் எட்டும்" என்று போட்டிருக்கிறார்களே?

இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. லைசென்ஸ் இல்லாத வகை, ஆள் நெரிசலும் கட்டடமும் உள்ள ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் எட்டினாலே நல்லது. இப்படிப்பட்ட விளம்பரங்கள் பெருகியதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையக் கடைகளில் வாக்கி-டாக்கி விற்பதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அலைவரிசை என்ன, லைசென்ஸ் தேவையா, கருவி அனுமதி உண்டா என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மலேசியாவில் இருக்கும் மகன் நல்ல செட்டாக நான்கு வாங்கி வந்திருக்கிறான். கல்யாணத்துக்குப் பயன்படுத்தலாமா?

செட்டிநாட்டில்தான் இந்தக் கேள்வி இவ்வளவு வரும். அங்கே சட்டப்படி வாங்கியது இங்கே சட்டப்படி ஆகாது. மலேசியாவில் பொதுமக்கள் பேசுவது 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அமெரிக்கச் செட்டுகள் 462, 467. இரண்டும் இந்தியாவில் உங்களுக்குத் திறந்துவிடப்பட்ட இடம் அல்ல. ஐரோப்பாவிலிருந்து வந்த 446 வகை மட்டும் அலைவரிசையில் பொருந்தும். அதற்கும் கருவி அனுமதி பார்க்க வேண்டும். மகன் ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். அலமாரியில் வைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது கையில் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் பேசினால் பின்கட்டுச் சமையலுக்குக் கேட்பதில்லை. பவர் அதிகமான செட் வாங்கலாமா?

வேண்டாம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாக எத்தனை சுவர்! அந்தக் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனமான சுவர்கள் அவை. பவரை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலத்தை அந்தச் சுவர்கள் எளிதாகத் தின்றுவிடும். அதே கூடுதல் பவர் தெருவிலும் மேல் வெளியிலும் தடையில்லாமல் பரவி, சம்பந்தமில்லாதவர்களுக்குத் தொந்தரவாகும். உள்ளே கேட்காமல் வெளியே கேட்கும் செட்டை வைத்து என்ன செய்வது?

பேசுகிறவர் வளவு வாசலில், மேலே வானம் தெரியும் இடத்தில் நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். கதவுகள் எல்லாம் நேர்கோட்டில் இருப்பது நம் வீடுகளின் வசதி. அவற்றைத் திறந்து வையுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் வளவில் ஒருவரை உட்காரவைத்து, முகப்புச் செய்தியைப் பின்கட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பந்திக்கு எத்தனை இலை என்று கேட்க வயதில் பெரிய ஆச்சி ஒருவர் குரல் கொடுத்தாலே போதும் என்பது வேறு விஷயம்.

குடமுழுக்கு அன்று கோபுரச் சாரத்தில் நிற்பவரிடம் செட் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் அவர்தான் எல்லோரையும்விடக் குறைவாகப் பேச வேண்டியவர். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். தரையில் நிற்பவரின் செட்டுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். 25 மீட்டர் உயரத்தில் ஏறினால் அது 20 கிலோமீட்டருக்குப் போய்விடும். நம் பக்கம் மலை இல்லாத சமவெளி, நடுவில் தடுக்க எதுவும் இல்லை. காரைக்குடியில் கோபுரத்தின் மேல் பேசுவது தேவகோட்டைப் பக்கம்வரை போய்ச் சேரலாம். அந்த ஒரு செட்டை மட்டும் பவர் குறைத்து வையுங்கள். தரையில் பேசுபவர்களுக்கு அதுவே தாராளம்.

விழாவில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். போலீஸ் சேனலில் புகுந்து சொன்னால் சீக்கிரம் உதவி வராதா?

வராது. வேலை கெடும். அந்தச் சேனலில் உங்கள் குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. யார், எங்கே என்று விசாரிப்பதிலேயே நேரம் போகும். போனில் 108-ஐ அழையுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எதுவானாலும் 112. வெள்ளம், கண்மாய் உடைப்பு போன்றவற்றுக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வாக்கி-டாக்கியின் வேலை உங்கள் ஆட்களுக்குள் தகவல் போவது. மஞ்சுவிரட்டுப் பொட்டல் மாதிரி இடங்களில் நல்ல கமிட்டிகள் ஒன்று செய்கிறார்கள். போலீஸ் அதிகாரிக்குப் பக்கத்தில் ஒரு தம்பி, மருத்துவக் குழுவுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி, இருவரும் செட்டோடு நிற்பார்கள், வேறு வேலை கிடையாது. அடிபட்டவரைப் பார்த்தவர் தன் கமிட்டிச் சேனலில் சொல்வார், தம்பி அதை வாயால் அதிகாரியிடம் சொல்வார். அதிகாரி தன் மைக்கில் பேசிக்கொள்வார். இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது.

அப்படிச் சொல்லும்போது எப்படிப் பேச வேண்டும்?

பட்டனை அழுத்தும் முன் இரண்டு நொடி கேளுங்கள். அழுத்தியபின் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். யாரைக் கூப்பிடுகிறீர்களோ அவர் இடத்தை முதலில், உங்கள் இடத்தை அடுத்து. ஆள் பெயர் வேண்டாம். எந்த ஊர்க் கமிட்டியிலும் பாதிப் பேர் சுப்பிரமணியன், மீதிப் பேர் சொக்கலிங்கம்.

"மருத்துவம், மருத்துவம், தெற்கு வாசல் பேசுறேன். ஓவர்."

"தெற்கு வாசல், சொல்லுங்கண்ணே. ஓவர்."

"தெப்பக்குளம் தென்கரை, படிக்கட்டுப் பக்கம். ஒரு பெரியவர் மயங்கிட்டார். மூச்சு இருக்கு, பேச்சு இல்லை. ஸ்ட்ரெச்சர் வேணும். ஓவர்."

"தெப்பக்குளம் தென்கரை, ஒருத்தர், ஸ்ட்ரெச்சர். கிளம்பிட்டோம். ஓவர்."

அவ்வளவுதான். கேட்டதைத் திருப்பிச் சொன்னதைக் கவனியுங்கள். அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. "பெரிய வீட்டுக்கு எதிரே" என்று அடையாளம் சொல்லாதீர்கள். செட்டிநாட்டில் எந்தத் தெருவில் பெரிய வீடு இல்லை? இப்படி ஒரு அவசரம் ஓடும்போது மற்ற எல்லோரும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். "நானும் வரட்டுமா?", "என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள்தான் சேனலை அடைப்பவர்கள்.

பழனிப் பாதயாத்திரையில் பல நாள் நடக்கிறோம். அதற்கு ஏதாவது தனி யோசனை?

குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும்போது நீங்கள் மாவட்டம் மாறுகிறீர்கள். சிவகங்கைப் பக்கம் யாருக்கும் தொல்லையில்லாமல் இருந்த ஒரு அலைவரிசை நத்தம் தாண்டினால் வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கலாம். லைசென்ஸ் இல்லாத 446 வகையிலேயே இருந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. அங்கேயும் தைப்பூச நேரத்தில் வேறு குழுக்கள் பேசிக்கொண்டிருக்கும். அது பொது இடம், பொறுத்துத்தான் போக வேண்டும். முன்னே போகும் காவடிக்கும் பின்னே வரும் வண்டிக்கும் தூரம் கூடினால் செட்டை நம்பாமல் போனை எடுங்கள். நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே சிறுமலைப் பக்கம் அலை மறைபடும். இரவில் சாலையோரம் நடக்கும்போது "லாரி வருது, ஓரம் போங்க" என்பதற்குத்தான் செட் உண்மையாகவே உயிர் காக்கும். அதனால் வழிநெடுக பக்திப் பாடலை மைக்கில் போடுவதை விட்டுவிடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போலீஸ் பேசுவதைச் சும்மா கேட்கலாமா?

கூடாது. உங்களுக்கு அனுமதியில்லாத செய்தியை ஒட்டுக்கேட்பதும் குற்றம்தான். தெரியாமல் காதில் விழுந்துவிட்டால் சேனலை மாற்றுங்கள், வாட்ஸப்பில் போடாதீர்கள்.

போலீஸ் டிஜிட்டலுக்கு மாறினால் எங்கள் பேச்சு அவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதே?

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. ஆனால் அவர்கள் பேசுவதும் ஒருவருக்கொருவர் கேட்காமல் போகும். டிஜிட்டலில் பேச்சைப் பூட்டி அனுப்பும் மறைகுறியாக்கம் ரகசியத்தைத்தான் காக்கும். மேலே வந்து மோதும் அலையைத் தடுக்காது.

எனக்கு அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது. அந்த செட்டையே விழாவுக்குக் கொடுக்கலாமா?

வியு2 (VU2), வியு3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி தேர்வு எழுதிய உங்களுக்குத் தரப்பட்டது, கமிட்டிக்கு அல்ல. 144 முதல் 146 வரையிலான பட்டை சோதனைக்கும் கற்றலுக்கும் உரியது. பந்தி விசாரிக்க அல்ல. ஆனால் பேரிடர் வந்தால் கதை வேறு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசிகள் செத்துப்போனபோது, வெளியுலகத்துக்குச் செய்தி போனதில் அவர்களுடைய ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், எப்போது பேசாமல் கேட்க வேண்டும் என்ற பழக்கம்.

தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் போகும்போது?

கடல் வானொலியில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. உங்கள் செட் அந்த எண்ணை ஏற்கும் வகை என்றால் கரையில் நின்று அதைத் தொடவே தொடாதீர்கள். கடலில் ஆபத்து என்று கரையிலிருந்து தெரிந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

வாடகைக்கு எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எந்த அலைவரிசை பதிந்திருக்கிறது என்று தாளில் எழுதி வாங்குங்கள். 446.0-க்கும் 446.2-க்கும் இடையில் இல்லையென்றால் யாருடைய லைசென்ஸ் என்று கேளுங்கள். நகல் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றால் வேறு கடை பாருங்கள். பட்டனில் எண்ணை அடித்து மாற்ற முடியாதபடி பூட்டித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் விழா இரவில் தூக்கம் வராத இளவட்டம் எதையாவது அமுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு செட்டிலும் எண் ஒட்டி, யாரிடம் எது போனது என்று நோட்டில் எழுதுங்கள். பட்டன் மாட்டிக்கொண்ட செட்டைத் தேடும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும். மாற்று பேட்டரி தலைக்கு ஒன்று கேளுங்கள். சார்ஜர் ஒன்றுதான் தருவார்கள், மறக்காமல் இரண்டாகக் கேளுங்கள்.